எதிர்மனுதாரர்

குண்டசாலை
2024 மே 19, ஞாயிறு

அக்காவுக்கு,

உங்கள் போனில் என் நம்பரை அடைத்து வைத்து நான்கு வருடமாகிறது. போன மாதம் சிந்துஜாவின் போனிலிருந்து உங்களுக்கு எடுத்தேன். என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டு, அவளுடைய நம்பரையும் அடைத்துவிட்டீர்கள். பாவம், என்னைக் கல்யாணம் கட்டியதைத் தவிர அவள் வேறு குற்றம் செய்யவில்லை. அதனால்தான் பதிவுத் தபாலில் எழுதுகிறேன். கையெழுத்துப் போட்டு வாங்கியிருப்பீர்கள். கிடைக்கவில்லை என்று சொல்ல முடியாது.

அப்பா எழுதச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவர் உங்களோடு பேசுவது எனக்குத் தெரியும். என் பெயரை எடுத்தால் நீங்கள் போனை வைத்துவிடுவீர்கள் என்ற பயத்தில் மழையைப் பற்றியும் மாத்திரையைப் பற்றியும் மட்டும் பேசுகிறாராம். "நீ போட்ட முடிச்சு. நீயே எழுதிக் கூப்புடு" என்று என்னிடம் சொல்லிவிட்டார்.

விஷயம் இதுதான். அம்மா எதுவும் எழுதி வைக்காமல் இறந்ததால் அவருடைய கெலிஓயா வீட்டுக்காக வாரிசுரிமை கேட்டு டெஸ்டமென்டரி வழக்குப் போட வேண்டி வந்தது. மூன்று வருடத்துக்கு மேல் நீதிமன்றப் படி ஏறினோம். இந்தக் குண்டசாலை வீட்டுக்கு அப்படி ஏறக்கூடாது என்று அப்பா பிடிவாதமாக இருக்கிறார். முதலில் உயில், அதாவது கடைசி விருப்ப உறுதி எழுதினால் போதும் என்று நினைத்தார். கண்டி டவுனில் ரிஸ்மி என்று பத்திரம் எழுதும் ஒரு நொத்தாரிசு இருக்கிறார். அவர்தான் விளங்கப்படுத்தினார். "அதை எழுதினாலும் நீங்க போன பொறகு புள்ளைகள் அதத் தூக்கிட்டு கோட்டுக்குத்தான் போவணும் ஐயா. உயிரோட இருக்கக்கொள்ளயே நன்கொடையாக் குடுங்க. சாகுமட்டும் இருந்து அனுபவிக்கிற உரித்த உங்களுக்கு வெச்சிக்கிட்டே எழுதலாம்" என்றார்.

அப்பாவுக்கு அது பிடித்துவிட்டது. நில அளவையாளரைக் கூப்பிட்டு வளவை இரண்டாகப் பிரித்தாயிற்று. வீடு எனக்கு. ரோட்டுப் பக்கத்துச் சின்ன வீடான அனெக்ஸும் அதைச் சுற்றியுள்ள இடமும் உங்களுக்கு. இரண்டு உறுதிப் பத்திரங்களும் எழுதித் தயாராக இருக்கின்றன. ஒன்றுதான் பாக்கி. வாங்குகிறவர் 'ஏற்றுக்கொண்டேன்' என்று கையெழுத்துப் போட வேண்டும். அதுவும் கொடுக்கிறவர் உயிரோடு இருக்கும்போதே. அது இல்லையென்றால் அந்த உறுதி வெறும் கடதாசி.

ஜூன் 14, வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு ரிஸ்மியின் ஒபிஸுக்கு வாருங்கள். என்னோடு பேச வேண்டாம். கையெழுத்தைப் போட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் போய்விடலாம். அப்பாவுக்கு எழுபத்தாறு நடக்கிறது. கால் வீங்குகிறது, படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்.

ரொஹான்


நாவலப்பிட்டி
2024 ஜூன் 3

ரொஹானுக்கு,

பதிவுத் தபால் என்றால் இப்போதும் யாரும் இல்லாத இடத்துக்குக் கொண்டுபோய்த்தான் உடைப்பேன். அது உனக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. நான் சொல்கிறேன், கேள்.

அன்று நான் ஏழாம் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். ஒபிஸிலிருந்து கூப்பிட்டார்கள். நீதிமன்றக் கடிதம், முழுக்கச் சிங்களத்தில். நான் சிங்களம் பேசுவேன், பஸ் போர்டு வாசிப்பேன். நீதிமன்றச் சிங்களம் எனக்கு எங்கே புரியப் போகிறது? ஒபிஸில் வேலை பார்க்கும் பிள்ளை வாங்கி வாசித்தாள். பாடசாலை அதிபர் இருந்தார், நான்கு ஆசிரியைகள் இருந்தார்கள், பிள்ளையைச் சேர்க்க வந்த ஒரு தாயும் இருந்தார். அந்தப் பிள்ளை தலையைத் தூக்கி, "டீச்சர், ஒங்க தம்பி ஒங்க மேல கேஸ் போட்டிருக்காருங்க" என்றாள். மனுதாரர் ரொஹான். எதிர்மனுதாரர்கள் இரண்டு பேர். முதலாவது சுவக்கின், இரண்டாவது அனற். பெற்ற தகப்பனையும் கூடப் பிறந்தவளையும் எதிரே நிறுத்தி ஒருவன் வழக்குப் போட்டிருக்கிறான் என்றுதான் அன்று அந்த ஒபிஸில் இருந்த எல்லாருக்கும் விளங்கியது. எனக்கும் அப்படித்தான் விளங்கியது. அம்மாவைப் புதைத்து ஏழு மாதம்கூட ஆகவில்லை.

அதற்குப் பிறகு ஒரு தவணை முழுக்க நான் ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து சாப்பிடவில்லை.

இப்போது இன்னொரு கடதாசியில் கையெழுத்துக் கேட்கிறாய். எனக்கு அனெக்ஸும் வேண்டாம், ரோட்டுப் பக்கமும் வேண்டாம். எல்லாவற்றையும் நீயே எழுதிக்கொள். நான் வர மாட்டேன்.

அப்பாவின் கால் வீக்கத்துக்கு உப்பைக் குறைக்கச் சொல். கருவாடு கொடுக்காதீர்கள்.

அனற்


குண்டசாலை
2024 ஜூன் 16

அக்காவுக்கு,

வர மாட்டேன் என்று நீங்கள் எழுதியதை அப்பாவிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை. "எழுத்துல அப்புடித்தான் எழுதுவா. வந்துருவா" என்று சொல்லிவிட்டு வெள்ளிக்கிழமை விடியவே குளித்து வெள்ளை ஷர்ட் போட்டுக்கொண்டு நின்றார்.

ஒன்பதரைக்கே ரிஸ்மியின் ஒபிஸில் இருந்தோம். அது மேல்மாடி. கதவுக்கு நேரே ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். படியில் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்தார். பதினொரு மணிக்கு நான் போவோம் என்றேன். "நாவலப்பிட்டியிலருந்து வரணும்ல. கம்பளையில பஸ்ஸ நிறுத்திப் போட்டிருப்பான்" என்றார். பன்னிரண்டுக்கு ரிஸ்மி ஜும்மாவுக்குப் போக வேண்டும். எங்களை உள்ளே விட்டு, மின்விசிறியைப் போட்டுவிட்டுப் போனார். தொழுது முடித்து ஒன்றரைக்கு வந்தார். அப்பா அதே கதிரையில் அப்படியே இருந்தார். ரிஸ்மிக்கே முகம் மாறிவிட்டது. "மகன்ட உறுதியையாவது இன்டைக்கு முடிப்பமா ஐயா?" என்று கேட்டார். அதற்கு அப்பா, "ஒருத்தனுக்கு மட்டும் எழுதுனா மத்தவள வெளிய தள்ளுன மாதிரி. ரெண்டு பேரும் வந்தாத்தான் பேனாவத் தொடுவேன்" என்றார்.

இனி என் பங்குக்கு நானும் சொல்கிறேன். அந்த வழக்கு எப்படிப் போடுவது என்று நான் கண்டுபிடிக்கவில்லை. பிள்ளைகளில் ஒருவர் மனுதாரராக நின்றால் மற்ற வாரிசுகள் எல்லாரையும் எதிர்மனுதாரர் என்றுதான் போடுவார்கள். சண்டை இருந்தாலும் அப்படித்தான், சண்டை இல்லாவிட்டாலும் அப்படித்தான். அப்பாவால் நீதிமன்றத்தில் மணிக்கணக்காக நிற்க முடியாது என்று நான் நின்றேன். நீங்கள் 'சம்மதம்' என்று ஒரு கையெழுத்துப் போட்டிருந்தால் எட்டு மாதத்தில் முடிந்திருக்கும். நீங்கள் ஆட்சேபனை போட்டீர்கள். மூன்று வருடத்துக்கு மேல் கெலிஓயா வீடு பூட்டியபடி கிடந்தது. யாரும் ஓடு மாற்றக்கூட முடியவில்லை. தீர்ப்பு வந்தபோது பிரித்துக்கொள்ள கூரையில்லாத நான்கு சுவர்தான் இருந்தது. அம்மா வளர்ந்த வீடு அது. அதை விழவைத்தது நான் மட்டுமா?

ரொஹான்


நாவலப்பிட்டி
2024 ஜூன் 27

ரொஹான்,

அப்பா நான்கு மணித்தியாலம் கதிரையில் இருந்த கதையை எழுதாமல் விட்டிருக்கலாம். என் மனதைக் குத்த வேண்டும் என்றுதான் எழுதினாய். குத்தியது.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அந்த வழக்கின் முறையே அப்படித்தான் என்பது எனக்கு இரண்டாம் வருடமே தெரியும். நான் வைத்த சட்டத்தரணிதான் ஒரு நாள் சிரித்துக்கொண்டே, "டீச்சர், இது ஒங்க மேல போட்ட கேஸ் இல்ல. எல்லாருக்கும் இப்புடித்தான் வரும்" என்றார். அன்றைக்கே ஆட்சேபனையை வாபஸ் வாங்கியிருக்கலாம். வாங்கினால் நான் மடைச்சி என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும். அந்த வெட்கத்தில் இன்னும் ஒன்றரை வருடம் இழுத்தேன். ஓடு விழுந்ததில் எனக்கும் பங்கு உண்டு. போதுமா?

ஆனால் நான் கேட்க வேண்டியது இன்னும் அப்படியே இருக்கிறது. நோட்டீஸ் வரும் என்று உனக்கு முன்பே தெரியும். என் நம்பரும் தெரியும், அப்போது நான் அதை அடைத்திருக்கவில்லை. "அக்கா, இப்படி ஒன்று வரும், பயப்படாதீர்கள்" என்று ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை? மறந்தேன் என்று எழுதாதே. நீ மறக்கிற ஆள் இல்லை.

இதற்குப் பதில் வந்தால் தேதியைப் பற்றிப் பேசலாம்.

அனற்


குண்டசாலை
2024 ஜூலை 7, ஞாயிறு

அக்காவுக்கு,

ஐந்தாறு நாளாக இந்தக் கடிதத்தை எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். மறக்கவில்லை. வேண்டுமென்றுதான் சொல்லவில்லை.

அம்மா கடைசியாக வார்டில் இருந்தபோது ஒரு மத்தியானம் நான் மட்டும் பக்கத்தில் இருந்தேன். நீங்கள் மறுநாள் வருவதாக இருந்தது. அம்மா என் கையைப் பிடித்து, "கெலிஓயா வீடு அக்காவுக்கு. அவ வாடகை வீட்டுலயே கெடக்குறா. நீ குறுக்க நிக்காத" என்றார். சரி என்று தலையாட்டினேன். மறுநாள் நீங்கள் வந்தபோது அம்மாவுக்குப் பேச்சு நின்றுவிட்டது.

அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. அப்பாவிடமும் சொல்லவில்லை. எனக்கும் அதில் ஒரு பங்கு வேண்டும் என்று ஆசையாக இருந்தது. நோட்டீஸைப் பற்றிச் சொல்ல உங்களுக்குப் போன் எடுத்தால், "அம்மா வீட்டைப் பத்தி ஏதும் சொன்னாங்களா?" என்று கேட்பீர்கள். உங்களிடம் பொய் சொல்ல எனக்கு வராது. அதனால் எடுக்கவில்லை. கடிதம் தன்பாட்டில் போகட்டும், அக்கா வாசித்துக்கொள்வார் என்று விட்டுவிட்டேன். அது பாடசாலைக்குப் போகும் என்றோ, பத்துப் பேருக்கு முன்னால் வாசிக்கப்படும் என்றோ நான் நினைக்கவில்லை. ஆனால் நினைத்திருக்க வேண்டும்.

நான் செய்தது துரோகம், அக்கா. அம்மாவுக்கும் உங்களுக்கும். மன்னித்துவிடுங்கள் என்று கேட்க வாய் வரவில்லை, ஆனாலும் கேட்கிறேன். இதை எழுதுவதற்கு முன் அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அவர் மூன்று நாள் என்னோடு சாப்பிட உட்காரவில்லை. பிறகு, "அவளுக்கு எழுதிட்டியா?" என்று மட்டும் கேட்டார்.

ஜூலை 26, வெள்ளிக்கிழமைக்கு ரிஸ்மியிடம் நேரம் கேட்டிருக்கிறோம். கூரை போனாலும் கெலிஓயாவில் என் பங்கையும் உங்கள் பெயருக்கு எழுத அன்றைக்கே ஏற்பாடு செய்திருக்கிறேன். அப்பாவுக்கு வீக்கம் முழங்கால் வரை வந்துவிட்டது. கருவாடு நிறுத்தியாயிற்று. வாருங்கள்.

ரொஹான்


நாவலப்பிட்டி
2024 ஜூலை 21

தம்பி,

உன் கடிதம் பத்தாம் தேதி கிடைத்தது. வாசித்துவிட்டுப் பதினொரு நாள் அலுமாரியில் பூட்டி வைத்தேன். முதல் இரண்டு நாளும் உன்னை வாயில் வந்தபடி திட்டினேன். பிறகு அம்மாவைத் திட்டினேன். இவ்வளவையும் என்னிடமே சொல்லிவிட்டுப் போயிருக்கக் கூடாதா அந்த மனுஷி? பிறகு அழுதேன். அம்மா என்னை நினைத்திருக்கிறார், நான் வாடகை வீட்டில் கிடப்பதை நினைத்திருக்கிறார். நான்கு வருடம் அது தெரியாமல் இருந்துவிட்டேன். வீடு போனதைவிட அதுதான் எனக்கு வலிக்கிறது.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுத இன்னும் கை வரவில்லை. ஆனால் தம்பி என்று எழுத வந்திருக்கிறது. இப்போதைக்கு அதை வைத்துக்கொள்.

26ஆம் தேதி வர முடியாது. தவணைப் பரீட்சை தொடங்குகிறது. உண்மையைச் சொன்னால் வேறு டீச்சரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளலாம். நான் கேட்கவில்லை. அப்பாவை நான்கு வருடத்துக்குப் பிறகு ஒரு ஒபிஸில் வைத்துப் பார்க்க எனக்கு மனமில்லை. அவருக்கு முன்னால் எந்த முகத்தோடு வந்து நிற்பது என்றும் தெரியவில்லை. எனக்கு இரண்டு கிழமை கொடு. பரீட்சை முடிந்து ஆகஸ்ட் 8 பின்னேரம் வீட்டுக்கே வருகிறேன். இரவு தங்கி, 9ஆம் தேதி வெள்ளிக்கிழமை மூன்று பேரும் ஒன்றாக ரிஸ்மியிடம் போவோம்.

அப்பாவிடம் சொல். இந்த முறை எழுத்திலும் அப்படித்தான், வருவதும் அப்படித்தான்.

அக்கா


குண்டசாலை
2024 செப்டம்பர் 8, ஞாயிறு

அக்கா,

முந்தாநாள் அப்பாவின் முப்பத்தோராம் நாள் பூசைக்கு வந்து போனீர்கள். இப்போது போனிலும் பேசுகிறோம். ஆனாலும் இதைப் போனில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அதனால் பழைய வழியிலேயே எழுதுகிறேன்.

உங்கள் ஜூலைக் கடிதத்தை அப்பாவுக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். 'தம்பி' என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னார். கலண்டரில் ஒன்பதாம் தேதியைத் தானே வட்டம் போட்டார். அனெக்ஸைக் கழுவச் சொன்னார், ஜன்னலுக்குப் புதுத் துணி போடச் சொன்னார். "வாத்தியாரம்மா வர்றா. தூசி இருந்தா மார்க் கொறைப்பா" என்றார். ஜூலை 30ஆம் தேதி முடி வெட்டிக்கொண்டு வந்தார். மறுநாள் காலை முகம் கழுவப் போன இடத்தில் விழுந்தார்.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும், ஒன்றைத் தவிர. நீங்கள் மருந்து வாங்கப் போயிருந்த நேரம் ரிஸ்மி வார்டுக்கு வந்தார். நான்தான் கெஞ்சிக் கூப்பிட்டேன். இரண்டு உறுதிகளையும் பையில் கொண்டுவந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் குனிந்து, "ஐயா, நா யாரு? என்னத்துக்கு வந்திருக்கேன்?" என்று மூன்று முறை கேட்டார். அப்பா அவரைப் பார்த்தார். கண்ணில் தண்ணீர் வந்தது, வாயில் சொல் வரவில்லை. விரலில் மை பூசி வைத்தால் போதாதா என்று நான் கேட்டேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அக்கா, கேட்டேன். ரிஸ்மி பையை மூடினார். "வெளங்கித்தான் குடுத்தாரென்டு நான் சாட்சி சொல்லணும் தம்பி. என்னால ஏலா. அவருக்கே அது பொருத்தமில்ல" என்றார். போகும்போது அவரும் கண்ணைத் துடைத்தார்.

ஒன்பதாம் தேதி நாம் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் இருந்தோம். கல்லறையில்.

இப்போது வீடும் அனெக்ஸும் அப்பாவின் பெயரில் அப்படியே நிற்கின்றன. எந்த வழக்கு வரக்கூடாது என்று அவர் பாடுபட்டாரோ அதே வழக்குத்தான். சட்டத்தரணியிடம் கேட்டுவிட்டேன். நம்மில் ஒருவர் மனுதாரர், மற்றவர் எதிர்மனுதாரர்.

என்னால் இன்னொரு முறை உங்கள் பெயரை அந்த இடத்தில் எழுத முடியாது. நீங்கள் மனுதாரராக நில்லுங்கள். என் பெயரை எதிரே போடுங்கள். முதல் நாளே சம்மதக் கையெழுத்துப் போடுகிறேன்.

தம்பி


நாவலப்பிட்டி
2024 செப்டம்பர் 29, ஞாயிறு

தம்பி,

வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு போட்டுச் சட்டத்தரணியிடம் போனேன். கிளார்க் கேட்கக் கேட்கச் சொன்னேன். இறந்தவர் பெயர், சுவக்கின். மனுதாரர், அனற். "எதிர்மனுதாரர்?" என்று கேட்டார். தண்ணீர் குடித்துவிட்டு உன் பெயரைச் சொன்னேன். அவர் தலையைக்கூடத் தூக்காமல் டைப் அடித்தார். அரை நிமிடம் இருக்குமா? அவ்வளவுதான் அந்த வேலை. இதற்காகத்தான் நான் நான்கு வருடம் உன்னை ஒதுக்கி வைத்தேன், தம்பி. அப்பாவின் கடைசி நான்கு கிறிஸ்மஸுக்கும் அந்த வீட்டு மேசையில் நான் இல்லை.

அந்த இரண்டு கிழமையை நான் கேட்டிருக்கக் கூடாது. ஜூலை 26ஆம் தேதி வந்திருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். பரீட்சை மேற்பார்வைக்கு வேறு டீச்சர் இருந்தார், எனக்குத்தான் வேறு அப்பா இல்லை. நீ ஒரு தடவைகூட என்னிடம் அதைச் சொல்லிக் காட்டவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

இப்போது கேள். இன்னும் பத்து நாளைக்குள் உனக்கு நீதிமன்றத்திலிருந்து பதிவுத் தபால் வரும். சிங்களத்தில் இருக்கும். மேலே என் பெயர், கீழே எதிர்மனுதாரர் என்று உன் பெயர். நீ உன் கடையில் இருக்கும்போது வந்தால் அங்கே உடைக்காதே, யாரிடமும் கொடுத்து வாசிக்காதே. அதில் இருப்பது இவ்வளவுதான்: அப்பா இறந்துவிட்டார், அவருக்கு இரண்டு பிள்ளைகள், ஒருவர் கேட்கிறார், மற்றவருக்குச் சம்மதமா. அது சண்டை வழக்கு இல்லை. அக்கா உன்மேல் ஒன்றும் போடவில்லை. பயப்படாதே.

நோட்டீஸுக்கு முந்தி இது உன் கைக்கு வந்துவிட வேண்டும் என்று நாளைக் காலை முதல் ஆளாகத் தபால் கந்தோரில் நிற்பேன்.

நவம்பர் 22 வழக்கை எடுக்கிறார்கள். சம்மதக் கையெழுத்தை அனுப்பினால் போதும், நீ வரத் தேவையில்லை என்று சட்டத்தரணி சொன்னார். நீ வா. சிந்துஜாவையும் கூட்டிக்கொண்டு வா. வழக்கைக் கூப்பிடும்போது இறந்தவருடைய பெயரைத்தான் சத்தமாகச் சொல்வார்களாம். அப்பாவின் பெயரைக் கூப்பிடும்போது எழுந்து நிற்க நாம் இரண்டு பேர்தான் இருக்கிறோம்.

அக்கா